எங்கள் கையிலும் ஒரு கெட்டபோல்

நான் தரம் 6 இல் படித்த காலம். நானா கொய்யாக் கிளையொன்றை வெட்டி, பழைய சைக்கிள் டியூப்பை நீளமாகக் கத்தரித்து, அறுந்த செருப்பின் தோலை நடுவில் வைத்துக் கட்டி ஒரு கெட்டபோல் செய்திருந்தார். அஸருக்குப் பள்ளிக்குப் போகும்போது அதைத் திண்ணையில் வைத்துவிட்டுப் போனார். முற்றத்தில் கிடந்த குரும்பட்டியொன்றை எடுத்துத் தோலில் வைத்து இறப்பரை இழுத்தேன். கை நடுங்கியது. இன்னும் கொஞ்சம் இழுத்தேன். அந்த நேரம் பார்த்துக் குசினிக்குள் இருந்து உம்மம்மாவின் குரல் வந்தது.

"பொம்புளப் புள்ளைக்கு என்னத்துக்கு இந்த வேல? வெச்சிட்டு உள்ளுக்கு வா."

இழுத்த இறப்பரை மெதுவாகத் தளர்த்தி, கெட்டபோலை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு உள்ளே போனேன். குரும்பட்டி பறக்கவே இல்லை.

சில வருடங்கள் கழித்து விஞ்ஞான வகுப்பில் 'சக்தி' என்ற பாடம் வந்தது. இழுக்கப்பட்ட கவணில் மீள்தன்மை அழுத்த சக்தி சேமிக்கப்படுகிறது, விடும்போது அது இயக்க சக்தியாக மாறுகிறது என்று கொப்பியில் எழுதிக்கொண்டோம். பரீட்சையில் அதே கேள்வி வந்தது. எனக்கு முழுப் புள்ளி கிடைத்தது. என் பக்கத்தில் இருந்தவளுக்கும் கிடைத்தது. வகுப்பில் எத்தனை பேர் கெட்டபோலை இழுத்து விட்டிருக்கிறீர்கள் என்று பிறகொரு நாள் நான் கேட்டபோது நான்கு கைகள்தான் உயர்ந்தன. அந்த நால்வருக்கும் ஆண் சகோதரர்கள் இருந்தார்கள்.

இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவது ஒன்றுதான். பௌதிகவியலைச் சூத்திரமாகக் கொப்பியில் எழுதுவதற்கு முன்னர், அதை ஒரு தடவையாவது கையால் உணர்ந்து பார்க்கும் வாய்ப்பு ஒவ்வொரு மாணவிக்கும் கிடைக்க வேண்டும். ஆண் பிள்ளைகளுக்கு அந்த வாய்ப்பு முற்றத்திலும் வயல்வெளியிலும் தானாகவே கிடைத்துவிடுகிறது. எங்களுக்குப் பாடசாலையும் பெற்றோரும் கொடுத்தால்தான் உண்டு. கொடுக்காமல் விட்டுவிட்டு, "இவளுக்கு பௌதிகவியல் வராது, கலைப் பிரிவில் போடுவோம்" என்று முடிவெடுப்பது நியாயமில்லை.

கெட்டபோலில் அப்படி என்னதான் இருக்கிறது என்று கேட்பீர்கள். கொஞ்சம் கணக்குப் பார்ப்போம்.

இறப்பரை இழுக்கத் தொடங்கும்போது எந்தச் சிரமமும் தெரியாது. இழுக்க இழுக்கக் கை கனக்கும். இருபது சென்ரிமீற்றர் இழுத்து முடிக்கும்போது, இரண்டு கிலோ அரிசிப் பையைத் தூக்கிப் பிடித்திருப்பது போல் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அது ஏறத்தாழ 20 நியூற்றன் விசை. தொடக்கத்தில் பூச்சியம், முடிவில் 20. எனவே சராசரி 10 நியூற்றன். தூரம் 0.2 மீற்றர். இரண்டையும் பெருக்கினால் 2 யூல் வருகிறது. ஒரு கிலோ சீனிப் பையை ஒரு சாண் உயர்த்துவதற்கு வேண்டிய சக்தி கிட்டத்தட்ட இவ்வளவுதான். மிகவும் சிறியது.

ஆனால், அந்த 2 யூலும் 20 கிராம் கல்லொன்றுக்கு அப்படியே போய்ச் சேர்ந்தால் கல் செக்கனுக்கு 14 மீற்றர் வேகத்தில் புறப்படும். அது மணிக்கு 50 கிலோமீற்றர். ஊருக்குள் ஓடும் பஸ்ஸின் வேகம்! சீனிப் பையை உயர்த்தும் சக்தி எப்படி இவ்வளவு வேகத்தைக் கொடுத்தது?

பதில் நேரத்தில் இருக்கிறது. நான் ஒரு செக்கன் எடுத்து ஆறுதலாக இழுத்தேன். இறப்பரோ அதை ஒரு செக்கனின் முப்பதில் ஒரு பங்குக்குள் திருப்பிக் கொடுத்துவிட்டது. சக்தி மாறவில்லை, அதே 2 யூல்தான். மாறியது வலு. என் கை கொடுத்தது 2 வாற்று. கல்லுக்குக் கிடைத்தது 70 வாற்றளவில். மனிதத் தசையால் மிக வேகமாகச் சுருங்க முடியாது. ஆகவே, மெதுவாகக் கொடுத்துச் சேமிக்கிறோம், இறப்பர் வேகமாகச் செலவழிக்கிறது. கெட்டபோல் சக்தியை உருவாக்கும் கருவியல்ல. சேமித்ததை ஒரே நொடியில் விடுவிக்கும் கருவி. சக்திக்கும் வலுவுக்கும் உள்ள வேறுபாட்டை நான் இரண்டு வருடம் மனப்பாடம் செய்தேன். ஆனால் அது எனக்குள் இறங்கியது இந்தக் கணக்கைப் போட்ட அன்றுதான்.

இன்னொன்றும் இருக்கிறது. சேமித்த சக்தி முழுவதும் கல்லுக்குப் போவதில்லை. ஒரு பகுதி இறப்பரின் அசைவுக்கே செலவாகிறது. இன்னொரு பகுதி வெப்பமாகிறது. நம்பாவிட்டால் அகலமான இறப்பர் வளையமொன்றை மேலுதட்டில் தொடும்படி வைத்துச் சடாரென்று இழுத்துப் பாருங்கள். இளஞ்சூடு தெரியும். சிறிது நேரம் இழுத்தபடி வைத்திருந்துவிட்டு மெல்லத் தளர விட்டால் குளிரும். ஆய்வுகூடம் வேண்டாம், உபகரணம் வேண்டாம், உதடு போதும். சக்தியை ஆக்கவோ அழிக்கவோ முடியாது என்ற விதியை எத்தனை தடவை ஒப்புவித்திருப்போம்! 'அழியாத' அந்தச் சக்தி எங்கே போய் ஒளிந்துகொள்கிறது என்பதை உதட்டால் கண்டுபிடிப்பது எவ்வளவு எளிது!

கல்லெறியும் கருவிகள் எங்கள் வரலாற்றுக்கும் புதியவை அல்ல. 'மன்ஜனீக்' என்ற சொல்லை அஹதிய்யா வகுப்பில் கேட்டிருப்போம். நபி இப்ராஹீம் (அலை) அவர்கள் நெருப்பில் எறியப்பட்ட சம்பவத்தை விளக்கும்போது தப்ஸீர் ஆசிரியர்கள் மன்ஜனீக்கைக் குறிப்பிடுகிறார்கள். ஹிஜ்ரி 8 ஆம் ஆண்டு தாயிப் முற்றுகையின்போதும் அது பயன்படுத்தப்பட்டதாக ஸீறா நூல்கள் கூறுகின்றன. பன்னிரண்டாம் நூற்றாண்டில் அல்-தர்ஸூஸி என்ற அறிஞர் சுல்தான் ஸலாஹுத்தீன் ஐயூபிக்காகப் போர்க் கருவிகள் பற்றி ஒரு நூலை எழுதினார். எடையை ஒரு பக்கத்தில் தொங்கவிட்டு இயக்கப்படும் மன்ஜனீக் பற்றிய மிகப் பழைய விபரங்களில் ஒன்று அந்த நூலில்தான் இருக்கிறது.

இந்த எடை மன்ஜனீக்கில் இறப்பர் இல்லை. நீண்ட மரக்கையின் குட்டையான பக்கத்தில் கல்லும் மண்ணும் நிரப்பிய பெரிய பெட்டி. நீளமான பக்கத்தின் நுனியில் கவண் பை. ஆட்கள் பலர் சேர்ந்து நீளமான பக்கத்தைக் கீழே இழுத்துக் கட்டுவார்கள். அப்போது பெட்டி மேலே போகும். கட்டை அவிழ்த்ததும் பெட்டி விழும், மறு பக்கம் சுழன்று எழும், கல் பறக்கும். இங்கே சக்தி சேமிக்கப்பட்டிருந்தது உயரத்தில். ஈர்ப்பு அழுத்த சக்தி என்று எங்கள் பாடநூல் சொல்வது இதைத்தான்.

ஆக, சக்தியைச் சேமிக்க இரண்டு வழிகளைப் பார்த்துவிட்டோம். ஒன்று இழுத்து வைப்பது. மற்றது உயர்த்தி வைப்பது. உயர்த்தி வைப்பதற்கு எங்கள் நாட்டிலேயே பெரிய உதாரணம் இருக்கிறது. மகாவலியை மறித்துக் கட்டப்பட்ட விக்டோரியா அணைக்கட்டு 122 மீற்றர் உயரம். அதன் பின்னால் நிற்கும் நீர் கீழிறங்கும்போது 210 மெகாவாற்று வரை மின்சாரம் தரக்கூடிய நிலையத்தை இயக்குகிறது. இரவு படிக்க நாங்கள் போடும் மின்விளக்குக்குப் பின்னாலும் ஒரு மன்ஜனீக் ஒளிந்திருக்கிறது என்று சொன்னால் அது மிகையல்ல.

இனி ரோலர் கோஸ்டருக்கு வருவோம். எங்களில் பலர் அதைக் காணொளியில்தான் பார்த்திருப்போம். சாதாரண ரோலர் கோஸ்டர் ரயிலுக்குள் எஞ்சின் கிடையாது. ஒரு சங்கிலி அதை முதல் மேட்டின் உச்சிக்குக் கடகடவென்று இழுத்துக்கொண்டு போகிறது. அதோடு பெரும்பாலும் வேலை முடிந்தது. பிறகு நடப்பதெல்லாம் உச்சியில் சேமித்த சக்தியைச் செலவழிப்பதுதான். இறங்கும்போது உயரம் வேகமாக மாறுகிறது. ஏறும்போது வேகம் மீண்டும் உயரமாக மாறுகிறது. உராய்வும் காற்றுத்தடையும் வழி நெடுகத் தங்கள் பங்கை எடுத்துக்கொண்டே இருக்கும். அதனால்தான் அப்படிப்பட்ட ரோலர் கோஸ்டரில் முதல் மேடே எப்போதும் உயரமானது. அடுத்து வரும் எந்த மேடும் அதைத் தாண்ட முடியாது.

50 மீற்றர் உயரத்தில் இருந்து இறங்கும் ரயில், உராய்வைக் கணக்கில் எடுக்காவிட்டால், அடியில் மணிக்கு சுமார் 113 கிலோமீற்றர் வேகத்தை அடையும். இந்தக் கணக்கைச் செய்யும்போது ஓர் அழகு தெரியும். சமன்பாட்டின் இரு பக்கமும் திணிவு வருகிறது, வெட்டுப்பட்டுப் போகிறது. ரயிலில் மெலிந்த என் தங்கை இருந்தாலும் சரி, எங்கள் பெரிய மாமா இருந்தாலும் சரி, கணக்கில் வேகம் ஒன்றுதான். இதைக் கேட்டுத் தங்கை சிரித்த சிரிப்பு, எந்தப் பாடக்குறிப்பிலும் எனக்குக் கிடைக்காத ஒன்று.

அபுதாபியில் பெராரி வேர்ல்ட் என்ற பொழுதுபோக்குப் பூங்காவில் 2010 இல் திறக்கப்பட்ட 'ஃபோர்முலா ரோசா' என்ற ரோலர் கோஸ்டர் மணிக்கு 240 கிலோமீற்றர் வேகத்தில் ஓடும். மத்திய கிழக்கில் தொழில் செய்யும் எங்கள் வாப்பாமாரும் மாமாமாரும் அதைப் பற்றிச் சொல்லியிருக்கக் கூடும். இந்த வேகத்தை உயரத்தில் இருந்து இறங்குவதால் மட்டும் பெற வேண்டுமானால் எவ்வளவு உயரம் வேண்டும்? கணக்குப் போட்டால் சுமார் 227 மீற்றர் வருகிறது. 350 மீற்றர் உயரமான கொழும்புத் தாமரைக் கோபுரத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு! ஆனால் ஃபோர்முலா ரோசாவின் மிக உயர்ந்த இடம் 52 மீற்றர்தான். மிகுதி வேகம் எங்கிருந்து வந்தது?

கெட்டபோலில் இருந்துதான். பம்பிகள் எண்ணெயைத் தள்ளி, உருளைகளுக்குள் அடைக்கப்பட்ட நைதரசன் வாயுவை அமுக்கிக்கொண்டே இருக்கும். அமுக்கப்பட்ட வாயு இழுக்கப்பட்ட இறப்பரைப் போன்றது. நேரம் வந்ததும் அது திறந்துவிடப்படும். எண்ணெய் பாய்ந்து ஒரு பெரிய உருளையைச் சுழற்றும். அதில் சுற்றப்படும் கம்பி வடம் ரயிலை இழுத்து எறியும். சுமார் ஐந்தே செக்கன்களில் 240 கிலோமீற்றர். மெதுவாகச் சேமி, வேகமாக விடு. நானா சைக்கிள் டியூப்பில் செய்ததும், கோடிக்கணக்கில் செலவழித்துப் பாலைநிலத்தில் பொறியியலாளர்கள் செய்ததும் ஒரே தத்துவம்தான். வித்தியாசம் என்னவென்றால், நானாவுக்கு அது கையில் தெரியும். எனக்கு அது கொப்பியில் மட்டும்தான் தெரியும்.

இயக்க சக்தி வேகத்தோடு எப்படி மாறுகிறது என்பதும் சண்டை பிடித்துத்தான் தீர்க்கப்பட்டது. பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐரோப்பிய அறிஞர்கள் இரண்டு கட்சிகளாகப் பிரிந்திருந்தார்கள். இயங்கும் பொருளின் வல்லமையைத் திணிவையும் வேகத்தையும் பெருக்கி அளக்க வேண்டும் என்றது ஒரு கட்சி. வேகத்தின் வர்க்கத்தால் பெருக்க வேண்டும் என்றது லைப்னிற்ஸின் கட்சி. ஒல்லாந்து நாட்டின் ஸ்கிராவசாண்டே என்பவர் பித்தளைக் குண்டுகளை மென்மையான களிமண்ணில் விழவிட்டுப் பார்த்தார். வேகம் இரண்டு மடங்கானபோது களிமண்ணில் ஏற்பட்ட பள்ளம் நான்கு மடங்காக இருந்தது. அந்தப் பரிசோதனையின் பொருளை உணர்ந்து, 1740 இல் வெளியிட்ட தனது பௌதிகவியல் நூலில் வர்க்கத்துக்காக வாதாடியவர் எமிலி டு சாத்தலே. ஒரு பெண். பிரான்ஸில் பெண்களுக்குப் பல்கலைக்கழகக் கதவு மூடியிருந்த காலம் அது. நியூற்றனின் பெருநூலைப் பிரெஞ்சு மொழிக்குப் பெயர்த்தவரும் அவரே. 1749 இல், தனது 42 ஆவது வயதில், கருவுற்றிருந்த நிலையிலும் அந்த வேலையை முடிக்கப் பாடுபட்டார். குழந்தை பிறந்து சில நாட்களில் இறந்துபோனார். அவரது மொழிபெயர்ப்பு 1759 இல் முழுமையாக வெளிவந்தது.

ஐரோப்பாவுக்குத்தான் போக வேண்டும் என்றில்லை. பத்தாம் நூற்றாண்டில் ஹலப் நகரில், ஸைபுத் தௌலாவின் ஆட்சியில், வானியல் கருவியான அஸ்ட்ரோலாபைச் செய்யும் பெண்ணொருவர் இருந்தார். அல்-இஜ்லிய்யா என்று இப்னு நதீம் தமது 'அல்-பிஹ்ரிஸ்த்' நூலில் அவரைக் குறிப்பிடுகிறார். அவரது தந்தையும் அதே தொழில் செய்தவர். தந்தை கற்ற அதே ஆசிரியரிடம் மகளும் கற்றார். ஆயிரம் வருடங்களுக்கு முன்னர் ஒரு வாப்பா தன் மகளைப் பட்டறைக்குள் வர விட்டிருக்கிறார். செம்பையும் பித்தளையையும் அறுத்து, பாகை பிரித்து அளக்கும் வேலை, 'பொம்புளப் புள்ளைக்கு ஆகாத வேலை' என்று அவர் நினைக்கவில்லை.

இதற்கு எதிராகச் சொல்லப்படும் நியாயங்களையும் பார்க்க வேண்டும். அவற்றில் சிலவற்றை நானும் மதிக்கிறேன்.

முதலாவது, ஆபத்து. கல்லைச் சுண்டி எறிவதை நபி (ஸல்) அவர்கள் தடுத்ததாக அப்துல்லாஹ் இப்னு முகப்பல் (ரழி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸ் புஹாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. அதனால் வேட்டைப் பிராணியும் விழாது, எதிரியும் வீழமாட்டான், ஆனால் பல் உடையும், கண் போகும் என்பது அதன் கருத்து. உயிருள்ளவற்றை இலக்காக வைத்து எறிவதும் தடுக்கப்பட்டிருக்கிறது. இதை நான் தலைமேல் வைத்து ஏற்கிறேன். கெட்டபோலால் குருவியை அடித்து விழுத்தும் பையன்களுக்கும் இது பொருந்தும் என்பதை மட்டும் நினைவூட்ட விரும்புகிறேன். ஹதீஸ் ஆண், பெண் என்று பிரிக்கவில்லை, கண்ணையும் பல்லையும்தான் காப்பாற்றச் சொல்கிறது. ஆகவே வகுப்பில் கல் வேண்டாம். பஞ்சு உருண்டையும் கடதாசி உருண்டையும் போதும். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, எதிரே யாரும் நிற்கக் கூடாது என்ற கட்டுப்பாடு, பக்கத்தில் ஆசிரியை. மாணவி சக்தியைப் படிக்கும்போதே அதை எங்கே விடக் கூடாது என்பதையும் படித்துவிடுகிறாள். பையன்கள் முற்றத்தில் கற்றுக்கொள்ளாத பாடம் அது.

இரண்டாவது, நேரம். பாடத்திட்டத்தை முடிக்க வேண்டும், கடந்தகால வினாத்தாள் செய்ய வேண்டும், டியூஷனுக்கு ஓட வேண்டும். இதற்கிடையில் விளையாட்டா என்று பெற்றோர் கேட்பது நியாயம்தான். ஆனால் வேண்டியதெல்லாம் பத்து ஐஸ்கிறீம் குச்சி, நான்கைந்து இறப்பர் வளையம், ஒரு பிளாஸ்டிக் கரண்டி, ஓர் அளவு நாடா. நேரம் நாற்பது நிமிடப் பாடவேளை ஒன்று.

இதை நானும் இரண்டு தோழிகளும் வீட்டு மொட்டை மாடியில் செய்து பார்த்தோம். சூத்திரப்படி, கரண்டியை இரண்டு மடங்கு வளைத்தால் சேமிக்கும் சக்தி நான்கு மடங்காக வேண்டும், எனவே உருண்டை விழும் தூரமும் நான்கு மடங்காக வேண்டும். நாங்கள் ஆசையோடு அளந்தோம். மூன்று மடங்கைக்கூட அது எட்டவில்லை. முதலில் ஏமாற்றம். பிறகு வாக்குவாதம் தொடங்கியது. காற்று தடுத்தது என்றாள் ஒருத்தி. குச்சிகள் ஒன்றோடொன்று உராய்கின்றன என்றாள் மற்றவள். கடதாசி உருண்டையை ஈரமாக்கி இறுக்கிக் காயவைத்து மறுபடியும் எறிந்து பார்த்தோம். தூரம் கூடியது. மஃரிப் பாங்கு சொல்லும் வரைக்கும் யாரும் கைப்பேசியைத் தொடவில்லை. அன்று மாலை நாங்கள் எழுதிய குறிப்பு அரைப் பக்கம்தான். அந்த அரைப் பக்கத்தை இனி யாரும் எங்களுக்கு மனப்பாடம் செய்யச் சொல்லத் தேவையில்லை.

மூன்றாவதுதான் முக்கியமான மறுப்பு. அதை யாரும் மேடையில் சொல்வதில்லை, வீட்டில் சொல்வார்கள். "பௌதிகவியல் படித்து இவள் என்ன செய்யப் போகிறாள்? எப்படியும் கல்யாணம் முடித்துக் கொடுக்கத்தானே வேண்டும்?" இதற்கு என் பதில் ஒரு கேள்வி. பெண் பிள்ளைகளின் பாடசாலைக்குப் பெண் ஆசிரியைகள் வேண்டும் என்று கேட்பவர்கள் நீங்கள்தானே? மகளுக்குச் சுகமில்லாவிட்டால் பெண் டொக்டரைத் தேடுபவர்களும் நீங்கள்தானே? உயர்தரத்தில் பௌதிகவியல் படிக்காமல் எங்கள் நாட்டு அரச பல்கலைக்கழகங்களின் மருத்துவ பீடங்களுக்குப் போக முடியாது. எங்களில் யாரும் பௌதிகவியலும் இணைந்த கணிதமும் படிக்காவிட்டால், பத்து வருடத்துக்குப் பிறகு உங்கள் பேத்திக்கு அந்தப் பாடங்களை எடுக்கும் ஆசிரியை எங்கிருந்து வருவார்? வேறு யாருடைய மகளோ படித்துவிட்டு வரட்டும் என்று எல்லோரும் காத்திருந்தால் ஒருத்தியும் வரமாட்டாள்.

எல்லா மாணவிகளும் கணிதப் பிரிவுக்குப் போக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. கவிதை எழுதும் தோழிகளால்தான் இந்தச் சஞ்சிகையே வெளிவருகிறது. விரும்பிக் கலைப் பிரிவுக்குப் போவது வேறு, தொட்டுப் பார்க்காமலே பயந்து ஒதுங்குவது வேறு. ருசி பார்க்காத சாப்பாட்டை 'எனக்குப் பிடிக்காது' என்று தள்ளும் சின்னப் பிள்ளையை உம்மாமார் எப்படிக் கண்டிப்பார்களோ, அதேபோல் எங்களையும் கண்டிக்கட்டும். முதலில் பரிமாறிவிட்டுக் கண்டிக்கட்டும்.

தோழிகளுக்கும் ஒரு வார்த்தை. அமெரிக்காவின் நியூ ஜேர்சியில் 'கிங்டா கா' என்று ஒரு ரோலர் கோஸ்டர் இருந்தது. 2005 இல் திறக்கப்பட்டு 2025 இல் இடிக்கப்பட்டது. அதுவும் கெட்டபோல் முறைதான். மணிக்கு 206 கிலோமீற்றர் வேகத்தில் எறியப்பட்ட ரயில் 139 மீற்றர் கோபுரத்தில் ஏற வேண்டும். அந்த வேகத்துக்குக் கணக்கில் 167 மீற்றர் வரை ஏறலாம். உராய்வும் காற்றும் பறிப்பதற்காக அந்த மேலதிகம் வைக்கப்பட்டிருந்தது. இருந்தும் சில வேளைகளில் ரயில் உச்சியை எட்டாமல், கொஞ்சம் குறைய நின்று, பின்னோக்கி உருண்டு வந்துவிடும். பார்ப்பவர்களுக்கு நெஞ்சு பதறும். ஆனால் அதை அமைத்தவர்கள் அதற்கும் ஆயத்தமாக இருந்தார்கள். ரயில் புறப்பட்ட கையோடு தண்டவாளத்தில் காந்தத் தடுப்புகள் எழுந்து நிற்கும். திரும்பி வரும் ரயிலை அவை பத்திரமாக நிறுத்தும். பிறகு மறுபடியும் எறிவார்கள்.

முதல் தவணையில் பௌதிகவியலுக்கு 35 புள்ளி எடுத்தவளும் அப்படித்தான். அவள் உச்சிக்குக் கொஞ்சம் குறைய நின்றுவிட்டாள், அவ்வளவுதான். அவள் திரும்பி வரும்போது பிடித்து நிறுத்த வீட்டிலும் வகுப்பிலும் தடுப்புகள் இருக்கின்றனவா, மறுபடியும் எறிய யாராவது இருக்கிறார்களா என்பதே கேள்வி. ஒரு ரயிலுக்குச் செய்த ஏற்பாட்டை ஒரு பிள்ளைக்குச் செய்யக் கூடாதா?

ஆகவே என் வேண்டுகோள்கள் சிறியவை. விஞ்ஞான ஆசிரியைகளே, 'சக்தி' பாடத்தைக் கரும்பலகையில் தொடங்க வேண்டாம். ஓர் இறப்பர் வளையத்தில் தொடங்குங்கள். பெற்றோரே, மகன் உடைத்துப் பார்க்கும் பழைய மின்விசிறியை மகளும் ஒரு தடவை திறந்து பார்க்கட்டும், திருகாணியைத் தொலைத்தால் பிறகு ஏசுங்கள். தோழிகளே, கையில் கிடைக்கும் எதையும் "இது எங்கே சேமிக்கிறது, எப்படி விடுகிறது?" என்று கேட்டுப் பழகுங்கள். கதவின் சுருள்வில், சீலைக்குக் குத்தும் ஊசி, மாடியில் இருக்கும் தண்ணீர்த் தாங்கி எல்லாமே பதில் சொல்லும்.

நானா இப்போது வெளிநாட்டில். அவருடைய கெட்டபோல் குசினிக்குப் பின்னால் ஆணியொன்றில் இத்தனை வருடமாகத் தொங்கியது. போன விடுமுறையில் அதை எடுத்து இழுத்துப் பார்த்தேன். இறப்பர் வெடித்துப் போயிருந்தது, ஒரே இழுவையில் அறுந்துவிட்டது. பாவிக்காமலே வைத்திருந்தாலும் இறப்பர் பழுதாகிவிடும் என்பதை அன்றுதான் கண்டேன். வாப்பாவிடம் கேட்டுச் சைக்கிள் கடையில் புதிய டியூப் துண்டொன்று வாங்கிக் கட்டினேன். தரம் 6 இல் படிக்கும் தங்கை ஒரு குரும்பட்டியைக் கொண்டுவந்து தந்தாள். நான் அவள் கையிலேயே கொடுத்தேன்.

உம்மம்மா திண்ணையில் தஸ்பீஹோடு இருந்தார். நான் அவரைப் பார்த்தேன், அவர் எங்களைப் பார்த்தார். ஏதோ சொல்லப் போகிறார் என்று தெரிந்தது.

"அங்கால வெட்டையப் பாத்து அடி புள்ள, ஜன்னல் கண்ணாடியில பட்டுடும்" என்றார்.